பட்டியலில் இல்லாத பத்தொன்பது பேர்

மதிப்பிற்குரிய ஐயா,

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குக் கால்பந்துக் கணக்குகளில் பைத்தியம். இந்த விடுமுறையில் பசிபிக் கடலிலுள்ள அமெரிக்க சமோவா அணி ஆடிய ஆட்டங்களை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறான். ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத அந்தப் பிரதேசத்துக்கு ஒரு தேசிய அணி இருப்பதே எனக்கு வியப்பாக இருந்தது. ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்ற வரியைப் படித்ததும் இருவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். பிறகு பாவமாகவும் இருந்தது. பத்துக் கோல்களோடு ஆஸ்திரேலியர்கள் நிறுத்தியிருக்கலாம் அல்லவா? இப்படிப்பட்ட அணிகளை ஃபிஃபா ஏன் அனுமதிக்கிறது? 2011-இல் டோங்காவை வென்றதுதான் அவர்களுடைய முதல் வெற்றி என்கிறார்கள். அதன் தேதி ஒரு பட்டியலில் 22 என்றும் இன்னொன்றில் 23 என்றும் இருக்கிறது. அவர்களைப் பற்றிய படத்தையும் பார்த்தோம். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளரும், ஜாயா சாயெலுவா என்ற வீராங்கனையும் மனத்தில் நின்றார்கள். உலகிலேயே மோசமான அணி இதுதானா என்று மகன் கேட்கிறான். தோல்விகளாலான இந்தப் பட்டியலுக்கு ஏதாவது பொருள் உண்டா?

செந்தில், தேனி

அன்புள்ள செந்தில்,

வரும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதற்கு எழுதக் காரணம், சில மாதங்களாகவே என்னை விடாமல் பிடித்திருக்கும் ஓர் எண்ணத்தை அது தொட்டுவிட்டது என்பதுதான். தோல்விகளைப் பதிவுசெய்யும் பட்டியல்கள் களத்தில் இறங்கியவர்களின் கணக்கை மட்டும் வைத்துக்கொள்கின்றன. இறங்க விடப்படாதவர்களுக்கு அவற்றில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. உங்கள் மகனின் குறிப்பேட்டில் ஆடியது, வென்றது, சமன், தோற்றது, போட்ட கோல், வாங்கிய கோல் என்று ஆறு கட்டங்கள் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஏழாவது ஒன்று தேவைப்படும் வரி, நீங்கள் இருவரும் சிரித்த அந்த வரி.

2001 ஏப்ரல் 11, ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. அமெரிக்க சமோவா 1998-இல்தான் ஃபிஃபாவில் சேர்ந்திருந்தது. தகுதிச் சுற்றில் ஆடுவது அதுவே முதல் தடவை. இருபது பேர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுத்துவைத்திருந்தார்கள். அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் மட்டுமே ஆடலாம் என்று ஃபிஃபா சொன்னது. இருபது பேரில் அந்த விதிக்குள் வந்தவர் ஒரே ஒருவர்: கோல்கீப்பர் நிக்கி சாலாபு. மற்ற பத்தொன்பது பேரும் வெளியே நின்றார்கள். சரி, இருபது வயதுக்குட்பட்டோர் அணியை அழைக்கலாம் என்றால், அந்தப் பையன்களில் பெரும்பாலானவர்களுக்குப் பள்ளித் தேர்வு. பயிற்சியாளர் துனோவா லுயி கிடைத்தவர்களைத் திரட்டிக்கொண்டு விமானம் ஏறினார். அணியின் சராசரி வயது ஏறத்தாழ பதினெட்டு. பதினைந்து வயதுச் சிறுவர்கள் மூன்று பேர். முழுதாகத் தொண்ணூறு நிமிட ஆட்டம் ஒன்றை அதுவரை ஆடியிராதவர்களும் அதில் இருந்தார்கள்.

இந்தக் கடவுச்சீட்டுக் கதையை அலுவலகக் குளறுபடி என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு வயது. ஒரே மொழி பேசும், ஒருவருக்கொருவர் உறவினர்களான சமோவா மக்களின் தீவுகளை 1899-இல் வல்லரசுகள் ஓர் ஒப்பந்தத்தால் பங்கு போட்டுக்கொண்டன. மேற்குத் தீவுகள் ஜெர்மனிக்கும் கிழக்குத் தீவுகள் அமெரிக்காவுக்கும் போயின. மேற்குப் பகுதி 1962-இல் விடுதலை பெற்று இன்று சமோவா என்ற நாடாக இருக்கிறது. கிழக்குப் பகுதி இன்னமும் அமெரிக்கப் பிரதேசம். அங்கே பிறப்பவர்கள் அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு உரியவர்கள், ஆனால் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள் ஆவதில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் தீவிலிருந்து அவர்கள் வாக்களிக்க முடியாது. மேற்கிலிருந்து வந்து அமெரிக்க சமோவாவின் தலைநகர் பாகோ பாகோவைச் சுற்றிய ஊர்களில் குடியேறி, அங்கேயே மணமுடித்து, அங்கேயே பந்தாடும் மக்களும் ஏராளம். அவர்களுக்கு அந்தச் சீட்டுகூடக் கிடையாது. கடலின் நடுவே யாரோ கிழித்த கோடு, நூறு ஆண்டுகள் கழித்து ஒரு பந்தாட்ட அணியின் நடுவே வந்து நின்றது. அதைக் கோல் கணக்காக மொழிபெயர்த்தால் 31-0 வருகிறது.

அந்தச் சுற்றில் அவர்கள் ஒரே வாரத்துக்குள் நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள். ஃபிஜியிடம் 13, சமோவாவிடம் 8, ஆஸ்திரேலியாவிடம் 31, டோங்காவிடம் 5. மொத்தம் 57 கோல்கள் வாங்கி ஒன்றும் போடவில்லை. மகனிடம் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டிய பிறகு, இதே ஆஸ்திரேலியா இரண்டு நாள் முன்பு டோங்காவை 22-0 என்று வென்றிருந்ததையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பத்தொன்பது பேரை இழக்காத டோங்கா 22 வாங்கியது. இழந்துவிட்டுச் சிறுவர்களோடு வந்த இவர்கள் 31 வாங்கினார்கள். எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை, செந்தில். பாவம் என்றும் தோன்றவில்லை. உங்கள் சிரிப்பையாவது மன்னிக்கலாம், சிரிப்பவன் குறைந்தபட்சம் ஆட்டத்தைப் பார்க்கிறான். பாவப்படுகிறவன் கண்ணைத் திருப்பிக்கொண்டு, தன் நல்ல மனத்தைத் தானே தடவிக்கொடுத்துக்கொள்கிறான்.

பத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்ற உங்கள் வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நான் பள்ளி அணிக்குக் கோல் காத்தவன். எங்கள் மைதானத்தில் கம்பங்களுக்குப் பின்னால் வலை கிடையாது, கருவேலம்புதர்தான். கோல் விழுந்தால் பந்தை எடுத்துவர முள்ளுக்குள் போக வேண்டியவனும் கோல்கீப்பர்தான். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுடன் ஆடிய ஆட்டத்தில் நாங்கள் பெருந்தோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அவர்களுடைய முன்னாட்டக்காரர்கள் எங்கள் கோலுக்கு எதிரே வந்து நின்று, சிரித்துக்கொண்டே தங்களுக்குள் பந்தைத் தட்டி விளையாட ஆரம்பித்தார்கள். அடிக்கவே இல்லை. அதுவரை வாங்கிய கோல்கள் எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை. அந்தக் கருணை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எதிரியை எதிரியாக மதிக்கிறவன் கடைசி நிமிடம்வரை ஆடுவான். ஆர்ச்சி தாம்சன் அன்று 13 கோல்கள் போட்டார். டேவிட் ஸ்ட்ரிலிச் 8 போட்டார். ஒரே சர்வதேச ஆட்டத்தில் ஒருவர் போட்ட கோல்களில் பத்துதான் அதுவரை உச்சம். 1908-இலும் 1912-இலும் எட்டப்பட்டு அப்படியே நின்றிருந்தது. முதல் கோல் விழுந்தது பத்தாவது நிமிடத்தில். அதுவரை சாலாபு ஒன்றும் விடவில்லை. பிறகு சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை எந்த அட்டவணையும் எழுதுவதில்லை. கோல் வாங்கிய அணிதான் நடுவட்டத்தில் பந்தை வைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும். ஆக, அந்தச் சிறுவர்கள் முப்பது தடவைக்குக் குறையாமல் நடுவட்டத்துக்கு நடந்துவந்து, பந்தை வைத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஆஸ்திரேலியக் கோலை நோக்கி ஒரு பந்தையும் அடித்தார்கள். அங்கிருந்த கோல்கீப்பர் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. மைதானத்தின் பலகையில் முதலில் 32 என்று தவறாகவே காட்டினார்கள். நடுவரின் குறிப்பைப் பார்த்துத்தான் 31 என்று உறுதி செய்தார்கள். எண்ணுகிறவர்களாலேயே எண்ணி முடிக்க முடியாத ஆட்டத்தை ஆடி முடித்தவர்கள் அவர்கள்.

கோல்கள் எண்ணப்படத்தான் வேண்டும் என்பதற்கு அவர்களுடைய பட்டியலிலேயே இன்னொரு சான்று உண்டு. உங்கள் மகன் அதையும் எழுதியிருப்பான், நீங்கள் இருவரும் கவனித்திருக்க மாட்டீர்கள். 2015, டோங்காவின் தலைநகர் நுக்குஅலோஃபா. மறுபடி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. நான்கு அணிகளுள் ஒன்று மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். அமெரிக்க சமோவா டோங்காவை 2-1 என்றும் குக் தீவுகளை 2-0 என்றும் வென்றது. சமோவாவிடம் 3-2 என்று தோற்றது. மூன்று அணிகள் தலா ஆறு புள்ளிகளுடன் நின்றன. கோல் வித்தியாசம் பார்த்தார்கள். சமோவாவுக்கு மூன்று, அமெரிக்க சமோவாவுக்கு இரண்டு. ஒரே ஒரு கோல்! உலகத்தின் கேலிக்கு ஆளான அணி, பதினான்கு ஆண்டுகளில், ஒரு கோல் வித்தியாசத்தில் சுற்றைத் தவறவிடும் அணியாகியிருந்தது. 31-0 பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள்; இந்த வரியைப் பற்றி எழுத ஆளில்லை. ஒரு கோலுக்கு இவ்வளவு எடை உண்டு என்று ஒப்புக்கொள்கிறவன், யாரையும் பத்தோடு நிறுத்தச் சொல்ல மாட்டான்.

முதல் வெற்றி பற்றி. மகனின் குறிப்பேட்டைத் திருத்துங்கள். 1983 ஆகஸ்டில், சமோவாவின் தலைநகர் ஆபியாவில் நடந்த தென் பசிபிக் விளையாட்டுகளில், அமெரிக்க சமோவா வாலிஸ் ஃபுத்துனாவை 3-0 என்று வென்றிருக்கிறது. அது அவர்கள் சர்வதேச ஆட்டம் ஆடத் தொடங்கிய அதே வாரம். வாலிஸ் ஃபுத்துனா பிரான்சின் ஆளுகையிலுள்ள தீவுப் பிரதேசம், ஃபிஃபாவில் உறுப்பினர் அல்ல; அமெரிக்க சமோவாவும் அப்போது உறுப்பினர் அல்ல. ஆகவே அந்த வெற்றி ஏற்கப்பட்ட வெற்றிகளில் சேராது. பெரிய அணியிடம் சிறிய அணி வாங்கிய அடியெல்லாம் துல்லியமாகக் கணக்கில் இருக்கிறது. இரண்டு சிறியவர்கள் தமக்குள் ஆடி ஒருவர் வென்றது மட்டும் கணக்கில் வராது. பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

2011-க்கு வருகிறேன். அந்தப் பயிற்சியாளரைப் பற்றி நீங்கள் பரவசப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். தாமஸ் ரோங்கன் நல்ல பயிற்சியாளர், மறுப்பில்லை. அந்த ஆண்டுதான் நியூ கலிடோனியாவில் நடந்த பசிபிக் விளையாட்டுகளில் ஐந்து ஆட்டங்களையும் தோற்று 26 கோல் வாங்கியிருந்த அணியை, சில வாரப் பயிற்சியில் அவர் நிமிர்த்தி நிறுத்தினார். ஆனால் மூழ்குகிறவர்களைக் கரையேற்ற வெளியிலிருந்து ஒருவர் வந்தார் என்ற கதை படமெடுப்பவர்களுக்கு வசதியானது. உங்களுக்கும் வசதியாக இருந்திருக்கிறது. யார் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். சாலாபு சியாட்டிலிலிருந்து திரும்பிவந்து மறுபடி கோலில் நின்றார். 2001-இல் 31 கோல் வாங்கிய அதே மனிதர். டோங்காவுக்கு எதிராக முதல் கோலை அடித்த ராமின் ஓட் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். இரண்டாவதை அடித்த ஷாலோம் லுவானி பின்னர் முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறு ஆட்டமான அமெரிக்கக் கால்பந்துக்குப் போய், 2017-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராணுவமும் அந்த முட்டைப்பந்து ஆட்டமும்தான் அந்தத் தீவின் வலுவான இளைஞர்களைக் கொண்டுபோகும் இரண்டு வழிகள். 2001-இல் பத்தொன்பது பேரை வெளியே நிறுத்திய கடவுச்சீட்டு, மற்ற ஆண்டுகளில் இருக்கிறவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறது. டோங்காவை வென்ற அந்த 2-1 ஆட்டத்துக்குப் பின் குக் தீவுகளுடன் 1-1 சமன். சமோவாவிடம் கடைசி நேரத்துக் கோலால் 1-0 தோல்வி.

தேதிக் குழப்பம் சிறிய செய்தி. ஆட்டம் நடந்த ஆபியாவில் அன்று நவம்பர் 22. அப்போது நம் ஊரில் 23 பிறந்துவிட்டது. அடுத்த மாதமே சமோவா நாட்காட்டியிலிருந்து டிசம்பர் 30-ஐ நீக்கிவிட்டு, சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. அமெரிக்க சமோவா இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் இன்று பக்கத்துத் தீவுக்கு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறவர்கள்கூட ஒரு நாள் கூட்டிக் கழிக்க வேண்டும்.

சாயெலுவா டோங்காவுக்கு எதிராக நடுத்தடுப்பில் நின்று நன்றாக ஆடினார். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்களுக்குச் சமோவா சமூகத்தில் நெடுங்காலமாக இடமுண்டு. அவர் அணியில் இருந்தது அந்தத் தீவுக்கு வியப்பில்லை, நமக்குத்தான் வியப்பு. ஃபிஃபா ஏன் அனுமதிக்கிறது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பந்தாடும் ஊருக்கு ஆட அனுமதி ஏன் என்று கேட்பது உங்களுக்கே அழகாக இல்லை. பலவீனமான அணிகள் முதலில் தமக்குள் மோதட்டும் என்று அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலேயே மாற்றிவிட்டார்கள். ஓஷியானியாவில் தனக்கு ஈடான எதிரிகள் போதவில்லை என்று ஆஸ்திரேலியாவும் 2006-இல் ஆசியக் கூட்டமைப்புக்குப் போய்விட்டது.

மோசமான அணி எது என்று மகன் கேட்டால், தரவரிசையின் கடைசி வரியைக் காட்டுங்கள். பல ஆண்டுகளாக அங்கே இருப்பது சான் மரினோ. 2024 செப்டம்பரில் லீக்டன்ஸ்டைனை 1-0 என்று அவர்கள் வென்றதையும் சேர்த்துக் காட்டுங்கள். அமெரிக்க சமோவாவின் பக்கத்தில் ஏழாவது கட்டம் ஒன்றைப் போட்டு, 2001 ஏப்ரல் வரிகள் நான்கிலும் 19 என்று எழுதச் சொல்லுங்கள். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அவன் கேட்பான். அதை நீங்களே விளக்குங்கள்; படத்தைப் போட்டுக்காட்டித் தப்பித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்.