ஒரு கமக்காரர், பல பயிர்: செக்பொக்ஸ் கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): அண்ணா, எங்கள் கமக்காரர் அமைப்புக்குப் பதிவுத் தளம் ஒன்று செய்கிறேன். நெல், உளுந்து, கச்சான், மிளகாய் என்று செக்பொக்ஸ்கள் (டிக் போடும் பெட்டிகள்). நாலும் செய்கிறவரும் உண்டு. காற்புள்ளி போட்டு டேட்டாபேஸ் அட்டவணையின் ஒரே நிரலில் (கொலம்) சேமித்தால் என்ன?

பதில்: சேமிப்பது சுகம் தம்பி, தேடும்போதுதான் வில்லங்கம். லைக் (ஒரு பகுதி பொருந்தினாலும் எடுக்கும் கட்டளை) போட்டு 'மிளகாய்' என்று தேடினால் கறிமிளகாய்க்காரரும் வந்து நிற்பார். பெயருக்குப் பதில் எண் போட்டாலும் 1ஐத் தேட 11, 21 எல்லாம் வரும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ஃபைண்ட் இன் செட் (காற்புள்ளிப் பட்டியலில் தேடுவது) சரியாகப் பிடிக்கும், ஆனால் வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸைப் பயன்படுத்தாது. கமக்காரர், பயிர் என்ற அட்டவணைகளோடு மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணை போடுங்கள். அதில் கமக்காரர் எண், பயிர் எண் இரண்டே நிரல். இரண்டும் சேர்ந்ததே முதன்மைச் சாவி (திரும்ப வரக்கூடாத அடையாளம்), அதனால் ஒரே பயிர் இரண்டு தரம் ஏறாது. நெல் 1, உளுந்து 2, கச்சான் 3 என்று பயிர் எண் வைத்து, 7ஆம் கமக்காரர் நெல்லும் கச்சானும் செய்தால் (7, 1), (7, 3) என்று இரண்டு நிரை (அட்டவணையின் வரி).

கேள்வி (முல்லைத்தீவு): நாலு டிக் போட்டாலும் சேர்வரில் படிவத்தை வாங்கும் பிஎச்பிக்குக் கடைசி ஒன்றுதான் வருகிறது.

பதில்: படிவத்தில் பெட்டியின் பெயருக்குப் பின்னால் [] சேருங்கள். நாலும் அரேயாக (ஒரே பட்டியலாக) வரும்.

கேள்வி (மாங்குளம்): திருத்தும்போது எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். பழைய பயிர்கள் அப்படியே நிற்கின்றன.

பதில்: நிறையப் பேர் மாட்டுப்படுகிற இடம் இது. டிக் இல்லாத பெட்டியை பிரவுசர் அனுப்புவதே இல்லை. 'வந்தால் மட்டும் மாற்று' என்று எழுதியிருப்பீர்கள். ஒன்றும் வராவிட்டால் வெற்றுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவருடைய பழைய நிரைகளை அழித்து, டிக் உள்ளவற்றைச் சேருங்கள். இரண்டும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது) இருக்கட்டும், நடுவில் கரண்ட் போனாலும் பழையது தப்பும். இணைப்பு அட்டவணையில் எத்தனை ஏக்கர் என்றும் வைத்திருந்தால் முழுவதையும் அழிக்காதீர்கள், அந்தக் கணக்கும் போய்விடும். மாறியதை மட்டும் தொடுங்கள்.

கேள்வி (வவுனியா): உளுந்து, கச்சான் இரண்டும் செய்பவர்கள் வேண்டும் அண்ணா. 'பயிர் = 2 அண்ட் பயிர் = 3' என்றால் ஒருவரும் வரவில்லை.

பதில்: ஒரு நிரையில் ஒரு பயிர்தானே தங்கச்சி, எப்படி வரும்? 'இன் (2, 3)' என்று எடுத்து, கமக்காரர் எண்ணால் குரூப் பை செய்து (ஒருவருடைய நிரைகளை ஒன்றாகச் சேர்த்து), ஹேவிங்கில் (அந்தச் சேர்ப்புக்கான நிபந்தனையில்) கவுண்ட் 2 என்று கேளுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மைஎஸ்கியூஎல்லில் பல பெறுமானங்களை ஒரே நிரலில் வைக்க செட் என்றே ஒரு வகை இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, 64 பெறுமானம் வரைதான். புதுப் பயிர் வந்தால் அட்டவணையையே ஆல்டர் செய்ய (அமைப்பை மாற்ற) வேண்டும். காலபோகம், சிறுபோகம் போல மாறாத பட்டியல் என்றால் சரி, தாராளமாகப் போடுங்கள். பயிருக்கு வேண்டாம்.