சந்துச் சாக்கடையும் ஒரு நகரத் திட்டமும்: ஒராங்கி பற்றிய கேள்விகளுக்குப் பதில்

நகர விளிம்பில் அனுமதியில்லாமல் வளர்ந்த குடியிருப்புகளில் மக்களோடு உட்கார்ந்து திட்டம் போடுவது பற்றிப் பேசும்போதெல்லாம் கராச்சியின் ஒராங்கியை உதாரணம் காட்டுவேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கட்டடக்கலை மாணவி, கோவை: ஒராங்கியில் மக்கள் அப்படி என்னதான் செய்தார்கள்?

ஒராங்கி கராச்சியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. 1965 வாக்கில் அங்கே ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1971 போருக்குப் பிறகு, வங்கதேசமாகிவிட்ட பகுதியிலிருந்து வந்தவர்களால் கூட்டம் பெருகியது. தரகர்கள் அரசு நிலத்தை மனை பிரித்து விற்றார்கள். வீடு இருந்தது, தெரு இருந்தது, கழிவுநீருக்குத்தான் வழியில்லை. எல்லாம் சந்திலேயே ஓடியது.

1980-இல் அக்தர் ஹமீது கான் அங்கே போனார். பிரிட்டிஷ் காலத்து உயர் அரசுப் பணியான ஐ.சி.எஸ். பதவியைத் துறந்தவர், இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாவில் கிராம வளர்ச்சிப் பணி செய்தவர். அவர் சந்து சந்தாக உட்கார்ந்து பேசினார். சாக்கடைதான் பெரிய தொல்லை என்றார்கள் மக்கள். அதை அரசாங்கம் இலவசமாகப் போட்டுக் கொடுக்கும் என்றும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏறக்குறைய 20 முதல் 40 வீடுகள் ஒரு சந்து. அவர்களே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். சந்தே முன்வந்து கேட்டால்தான், கான் தொடங்கிய திட்டத்தின் குழு வரும். வந்து மட்டம் பார்த்து, வரைபடமும் செலவுக் கணக்கும் எழுதிக் கொடுத்து, கருவிகளை இரவல் தரும். காசை வசூலித்ததும் செலவழித்ததும் பொறுப்பாளர்தான். குழு ஒரு பைசாவைக்கூடத் தொடவில்லை. அந்த வேலையின் உயிர்நாடி இதுதான் என்பேன். யார் காசு, எங்கே போனது என்பது வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்திருந்தது.

சிவில் இன்ஜினியர், மதுரை: ஏழைகளால் இந்தச் செலவை எப்படித் தாங்க முடிந்தது? தரம் எப்படி?

ஒப்பந்தக்காரர் இல்லை, கமிஷன் இல்லை, வடிவமைப்பும் எளிது. ஆரம்ப காலத்தில் கழிப்பறையும் சந்துக் குழாயும் சேர்த்து வீட்டுக்குச் சுமார் 1,000 பாகிஸ்தான் ரூபாய் ஆனது. தரம் முதலில் சறுக்கத்தான் செய்தது. கலவை விகிதம் தெரியாது, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு கியூரிங் செய்யத் தெரியாது. அப்புறம் மேன்ஹோலுக்கு இரும்பு அச்சு செய்து கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொழிற்சங்க ஊழியர், சென்னை: இது அரசின் கடமையை ஏழைகள் தலையில் கட்டுவது இல்லையா?

எனக்கும் இந்தக் கோபம் உண்டு. ‘மக்கள் பங்கேற்பு’ என்று சொல்லி ஓசியில் வேலை வாங்கும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஒராங்கியில் கோடு தெளிவாகப் போட்டிருந்தார்கள். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளைச் சேர்க்கும் குழாய் ஆகியவை மக்கள் பொறுப்பு. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. சுமார் 1 லட்சம் வீடுகள் தங்கள் பங்கை முடித்துவிட்டு, வரைபடத்தோடு போய் அரசின் பங்கைக் கேட்டன. வெறுங்கையோடு போய் மனு கொடுப்பதும் இதுவும் ஒன்றா?

பத்திரிகையாளர், திருச்சி: வரைபடத்துக்கு அவ்வளவு பலமா?

உயிரையே எடுக்கும் அளவுக்குப் பலம் என்றுதான் பலர் நம்புகிறார்கள். ஒராங்கியின் வேலையைப் பின்னாளில் வழிநடத்திய கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான், உள்ளூர் இளைஞர்களுக்கு அளவெடுக்கப் பயிற்சி கொடுத்தார். கராச்சி ஓரத்துப் பழைய கிராமங்களையும், எங்கெங்கே தண்ணீர் திருடப்படுகிறது என்பதையும் ஆவணப்படுத்தினார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்: இன்று அங்கே எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. சந்துக் குழாய்கள் போய்ச் சேரும் இயற்கை ஓடைகளை அங்கே ‘நாலா’ என்பார்கள். அவை குப்பையால் தூர்ந்தன. 2020 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு, அகலப்படுத்துவதாகச் சொல்லி குஜ்ஜர் நாலா, ஒராங்கி நாலா கரைகளில் வீடுகளை இடித்தார்கள். அந்தக் கரைகளில் இருந்தவர்களைக் கேட்டா திட்டம் போட்டார்கள்?

அதே செயலாளர்: எங்கள் நகரில் பாதிப் பேருக்குப் பட்டா இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

தண்ணீரிலிருந்து. நான் வேலை பார்த்த ஒரு புறநகர்ப் பகுதி அலுவலக வரைபடத்தில் காலி நிலமாக இருந்தது. இட்லி மாவு விற்கும் ஓர் அக்கா எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் சுவரைக் காட்டினார். மூன்று மழைக்கு மூன்று சேற்றுக் கோடுகள். “ஏரித் தண்ணி இல்ல தம்பி, அந்தப் புது காம்பவுண்டு முட்டித் திரும்பி வர்ற தண்ணி” என்றார். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். ரோட்டைவிட அவர் வாசல் ஒரு முழம் பள்ளம். வாட்டம் முழுக்க அவர் வீட்டைப் பார்த்தே இருந்தது.

அதனால் அடுத்த மழையன்று சந்துக்கு இரண்டு பேர் குடையோடு கிளம்புங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த வீட்டில் ஏறுகிறது என்று குறியுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டையும் விட்டுவிடாதீர்கள், சங்கத்தில் அவர்கள் பெயர் இருக்காது. மழை விட்டதும் டியூப் மட்டத்தோடு ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.