பின்னால் லாப்ரடார், நடுவில் பிள்ளைகள்: எந்தத் தடுப்பு தாங்கும்?

கேள்வி: எங்களுடையது ஏழு பேர் அமரும் கார். மூன்றாவது வரிசையை மடித்துவிட்டு, 34 கிலோ எடையுள்ள லாப்ரடாரை அங்கே ஏற்றிக்கொண்டு கோவையிலிருந்து ஊட்டிக்கு அடிக்கடி போகிறோம். நடு வரிசையில் பிள்ளைகள் இருவர். நாய் சீட்டைத் தாண்டி அவர்கள் மேல் குதிக்கிறது. வலை போதுமா, கம்பித் தடுப்பு வாங்க வேண்டுமா?

பதில்: வலை போதாது. எலாஸ்டிக் வைத்துத் தைத்த துணி வலையை உங்கள் நாய் சில நாட்களில் பிறாண்டிக் கிழித்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை பிள்ளைகளைப் பற்றியது. 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், நாய் அதே வேகத்தில் முன்னால் பாயும். 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் வேகம் அது.

எனவே கம்பியின் தடிமனைப் பார்க்கும் முன், தடுப்பு காரில் எதைப் பற்றி நிற்கிறது என்று பாருங்கள். தரைக்கும் கூரைக்கும் நடுவே முறுக்கி இறுக்கும் வகைதான் விலை மலிவு. ஆனால் கூரையின் உட்புறம் துணி ஒட்டிய மெல்லிய அட்டைதான், அழுத்தினால் அமுங்கும். என்னிடம் வந்த ஒரு காரில், அந்த அட்டையில் பிறை வடிவில் இரண்டு பள்ளங்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் ரப்பர் பாதம் நகர்ந்து நகர்ந்து, ஒரு நாள் தடுப்பு நாயின் மேலேயே சாய்ந்துவிட்டது.

ஹெட்ரெஸ்டின் இரும்புத் தண்டுகளைக் கவ்விப் பிடிக்கும் வகை அதைவிட நல்லது. உங்கள் கார் மாடலுக்கென்றே செய்து, ஏற்கனவே உள்ள திருகுத் துளைகளில் பொருத்தும் தடுப்பு கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். புதிதாகத் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். கூரை ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால், அது விரியும் வழியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

சீட்டின் மேல்விளிம்பிலிருந்து கூரை வரை உள்ள உயரத்தையும், அந்த இடத்தின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். நாயின் தலை நுழையும் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. பொருத்திய பிறகு, முழு உடம்பையும் சாய்த்து இரண்டு கைகளாலும் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடு சீட்டின் முதுகு 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பூட்டாத சீட்டில் எந்தத் தடுப்பும் நிற்காது.

தடுப்பு பிள்ளைகளைக் காக்கும். நாயைக் காக்க ஹார்னஸ் வேண்டும். மார்பைச் சுற்றி அணியும் அகலமான ஹார்னஸை, குட்டையான பட்டையால் தரையில் உள்ள இரும்பு வளையத்தில் மாட்டுங்கள். பை தொங்கவிடும் பிளாஸ்டிக் கொக்கி உதவாது. கழுத்துப்பட்டையில் ஒருபோதும் கட்டாதீர்கள். திடீர் பிரேக்கில் கழுத்து முறியலாம். பின்கதவைத் திறந்ததும் நாய் சாலையில் குதிக்காமலும் இந்தப் பட்டை தடுக்கும்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் நாய் இருபுறமும் வழுக்கும். சொரசொரப்பான ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். கிளம்பும் முன் ஏசியைப் போட்டுவிட்டு, நாய் படுக்கும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள். குளிர் அங்கே எட்டவில்லையென்றால், மேட்டுப்பாளையம் வரையிலான சமவெளிப் பயணத்தை அதிகாலையிலேயே முடித்துவிடுங்கள்.