மழைக்கும் மஞ்சுக்கும் எந்த ரோஜா தாங்கும்?

கேள்வி: வீட்டு முன்னால் ஆறு செடி வைக்க இடம் இருக்கிறது. படத்தைப் பார்த்து, அடுக்கடுக்காக இதழ் உள்ள ரகங்களாக வாங்கி வைத்தோம். ஜூன் மழை பிடித்ததும் மொட்டுகள் பெருத்து, விரியாமலே பழுப்பாகி அழுகுகின்றன. மருந்து அடித்தும் நிற்கவில்லை. வேறு ரகம் மாற்றலாமா?
– வாசகி, ஊட்டி

பதில்: மாற்றத்தான் வேண்டும். அடுக்கு இதழ் மொட்டில் மழைநீர் வெளியிதழ்களில் ஊறி, பிறகு வெயில் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் காகிதம் போல இறுகிவிடும். உள்ளே இருக்கும் பூவுக்கு விரிய வழியில்லை. அப்புறம்தான் போட்ரைடிஸ் பூசணம் ஏறி அழுகல் தொடங்கும். மருந்து பூசணத்தைத் தடுக்கும். ஒட்டிய இதழைப் பிரிக்காது. பழுப்பான வெளியிதழ் இரண்டு மூன்றை விரலால் மெல்ல உரித்துப் பாருங்கள். உள்ளே நிறம் மாறாமல் இருந்தால், அந்த மொட்டு விரிய வாய்ப்பு உண்டு. முழுதும் கறுத்த மொட்டுகளைக் காம்போடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், செடியடியில் போடாதீர்கள்.

ஆறு செடிக்கு எங்கள் தேர்வு இது. ஐஸ்பெர்க் இரண்டு. 1958-இல் ஜெர்மனியின் கோர்டெஸ் பண்ணை வெளியிட்ட வெள்ளை ஃப்ளோரிபண்டா, அதாவது கொத்துப் பூ ரகம். கொத்தாகப் பூப்பதால், மழையில் இரண்டு பூ போனாலும் நாலு விரியும். கரும்புள்ளி நோய் வரும், அது ஒன்றுதான் குறை. பின்வரிசையில் குயின் எலிசபெத் ஒன்று: 1954-இல் அமெரிக்காவில் வந்த இளஞ்சிவப்பு ரகம். ஆளுயரம் தாண்டும் என்பதால் முன்னால் வைத்தால் மற்றதை மறைத்துவிடும். நாக் அவுட் இரண்டு. மணம் கிடையாது, ஜாடியில் வைக்கவும் அவ்வளவு எடுப்பாக இராது. ஆனால் கரும்புள்ளியைத் தாங்குவதில் இதற்கு ஈடு குறைவு. ஆறாவது, ஆசைக்கு ஒரு டபுள் டிலைட். அதை மட்டும் தொட்டியில் வைத்து, மழை மாதங்களில் கூரை விளிம்புக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். மணம் அபாரம். இதழோரச் சிவப்பு வெயில் பட்டால்தான் ஏறும். மஞ்சு மூடிய வாரங்களில் வெளிறிய பூவாக வந்தால் நர்சரிக்காரர் ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம்.

பாப்பா மெய்யான் என்ற ரகத்தின் கருஞ்சிவப்பு யாரையும் மயக்கும். சாம்பல் நோய்க்கு அது முதல் விருந்து, தவிர்ப்பது நல்லது.

இன்னொரு யோசனை. எல்க் மலைச் சரிவில் 1995-இல் தொடங்கிய அரசு ரோஜாப் பூங்கா உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மே மாத சீசனில் எல்லா ரகமும் அழகாகத்தான் தெரியும். ஜூலை, ஆகஸ்டில் போய், எந்தச் செடியில் அடியிலை உதிராமல் நிற்கிறது என்று பார்த்துப் பெயரைக் குறித்து வாருங்கள். வாங்க வேண்டிய பட்டியல் அதுதான்.

கேள்வி: ஒட்டுச்செடியாக வாங்கிய சிவப்பு ரோஜாவில் இப்போது சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக வருகின்றன. நிறம் மாறிவிட்டதா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நிறம் மாறவில்லை. ஒட்டுக்குக் கீழே இருந்து வேர்ச்செடி கிளம்பி, மேல் செடியை அமுக்கிவிட்டது. வெள்ளைக் கொத்துப் பூ என்றால் அது மல்டிஃப்ளோரா என்ற காட்டுரோஜாவாக இருக்கலாம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் உள்ள சிறு செதிலைப் பாருங்கள். சீப்பின் பல் போலக் கிழிந்திருந்தால் சந்தேகமே இல்லை. ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுக்கிளை என்று சொல்வதை மட்டும் நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும்.

மண்ணைத் தோண்டி அந்தக் கிளை வேரில் புறப்படும் இடம் வரை போங்கள். கத்தரியால் நறுக்கினால் அடியில் உள்ள கண்கள் மறுபடி நாலாகத் துளிர்க்கும். கையுறை போட்டுப் பிடித்து, கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். ஒட்டுக்கு மேலே பச்சைத் தண்டு மிஞ்சியிருந்தால் செடி தேறும். இல்லையென்றால் புதுச்செடிதான்.

கேள்வி: குழி எடுத்து, சாணி உரம் நிறையப் போட்டும் செடி வளர மறுக்கிறது. இலை மஞ்சளாகவே இருக்கிறது. பக்கத்தில் தேயிலை செழிப்பாக நிற்கிறதே!
– வாசகி, குன்னூர்

பதில்: காரணத்தைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வேண்டும். புளிப்பு மிகுந்தால் மணிச்சத்து மண்ணிலேயே கட்டுண்டுவிடும். எத்தனை உரம் போட்டாலும் வேருக்கு எட்டாது. முதலில் மண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். புளிப்பு உறுதியானால் 45 செ.மீ. நீள, அகல, ஆழக் குழிக்கு 150 கிராம் டோலமைட் (சுண்ணாம்பு வகைக் கல்தூள்) கலந்து ஒரு மாதம் ஆறப் போடுங்கள். அதன்பின் மட்கிய தொழுவுரம் 10 கிலோ, எலும்புத் தூள் 100 கிராம், வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம் கலந்து நடலாம். டோலமைட்டையும் சாணியையும் ஒரே நாளில் கொட்டினால் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரியட்டும். மழை மிகுந்த சரிவில் அதைப் புதைத்தால் அழுகும்.

கேள்வி: இலையில் வருவது கரும்புள்ளியா, சாம்பல் நோயா? இரண்டுக்கும் ஒரே மருந்து போதுமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: கரும்புள்ளி அடியிலையில் தொடங்கும், ஓரம் பிசிறிய கறுப்பு வட்டம், சுற்றி மஞ்சள், பிறகு உதிர்வு. இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே பிடித்துக்கொள்ளும். மஞ்சு இறங்கும் ஊரில் அது தினசரி நடப்பதுதான். சாம்பல் நோய் இதற்கு நேர்மாறு: இளந்தளிரில் வெள்ளை மாவு, சுருண்ட இலை. அதற்கு இலை நனைய வேண்டியதில்லை, பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்தால் போதும்.

ஆகவே மருந்தும் வேறு. கரும்புள்ளிக்கு மேங்கோசெப், சாம்பலுக்கு நனையும் கந்தகம், எதுவானாலும் லிட்டருக்கு 2 கிராம். இலையின் அடிப்பக்கமும் நனையும்படி, மழை விட்ட நாளில் அடியுங்கள். அதைவிட முக்கியம் காற்றோட்டம். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள், தரையிலிருந்து ஓரடி உயரம் வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள், தண்ணீரைக் காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: நம் மலையிலேயே உருவான ரோஜா ரகம் உண்டா?
– மாணவி, கொடைக்கானல்

பதில்: உண்டு. கொடைக்கானலைச் சேர்ந்த வீரராகவன் – கிரிஜா தம்பதி, மணிப்பூர்ப் பக்கத்துக் காட்டுரோஜாவான ரோசா ஜைகான்டியாவையும், நீர் தேங்கும் இடத்திலும் வளரும் ரோசா கிளினோஃபில்லாவையும் கொண்டு வெப்ப நாட்டுக்கான ரகங்களை உருவாக்கியவர்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் அவர்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றும் உண்டு. நீலகிரி, பழனி மலைச் சோலை ஓரங்களில் வெள்ளைப் பூவோடு படரும் ரோசா லெஷனால்டியானா நம் மண்ணின் காட்டுரோஜா. அதைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; பிடுங்கி வராதீர்கள்.

கேள்வி: கவாத்துக்கு எந்த மாதம் நல்லது?
– வாசகர், மஞ்சூர்

பதில்: உறைபனி விலகிய பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். டிசம்பரில் வெட்டினால் வரும் தளிரைப் பனி கருக்கிவிடும். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டி, தடித்த தண்டுகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுங்கள்.