கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே ஒரு சுற்றில் கைக்கு வந்த பட்டம்

கேள்வி: 1992 நாஸ்கார் வின்ஸ்டன் கப் என்ற அமெரிக்கக் கார் பந்தயத் தொடரின் கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தவர் பில் எலியட். பட்டமோ இரண்டாவதாக வந்த ஆலன் குல்விக்கிக்கு. எப்படி?

பதில்: எல்லாம் ஆண்டு முழுதும் சேர்த்த புள்ளிகளின் கணக்குதான். நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் பந்தயம் தொடங்கும்போது டேவி அலிசன் முதலிடம்; அவருக்கு 30 புள்ளி பின்னால் குல்விக்கி, 40 பின்னால் எலியட். அலிசன் விபத்தில் சிக்கியதும் போட்டி மற்ற இருவருக்கும் என்றாகிவிட்டது.

முதலிடத்துக்கு 175 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 170. ஒரு சுற்றாவது முன்னணியில் ஓடினால் கூடுதலாக 5, அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தவருக்கு இன்னொரு 5. குல்விக்கி முன்னணியில் ஓடியது 103 சுற்று, எலியட் 102. ஆக எலியட்டுக்கு 175+5, குல்விக்கிக்கு 170+5+5. இருவருக்கும் 180தான்! பழைய 10 புள்ளி இடைவெளி அப்படியே நின்றது: 4078, 4068.

அந்த ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால்? இருவரும் 4073இல் சமம். சமமானால் அந்த ஆண்டு அதிகப் பந்தயம் வென்றவருக்கே பட்டம். எலியட்டுக்கு 5 வெற்றி, குல்விக்கிக்கு 2.

குல்விக்கியின் குழு இதைப் பந்தயம் ஓடும்போதே கணக்குப் போட்டுவிட்டது. மொத்தம் 328 சுற்று. 310ஆவது சுற்று வரை முன்னணியை விடாமல், கூடுதல் புள்ளி உறுதியான பிறகே அவரைப் பிட்டுக்குள் (டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நிறுத்தும் இடம்) கூப்பிட்டார்கள். டயரைத் தொடவில்லை, பெட்ரோல் மட்டும். அதன்பின் அவர் எலியட்டைத் துரத்த வேண்டிய கட்டாயமே இல்லை. மூன்றாவதாக வந்தாலும் பட்டம் உண்டு, நான்காவது என்றால் போச்சு. பெட்ரோலை மிச்சம்பிடித்து இரண்டாமிடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

கேள்வி: அன்று அவருக்கு முதல் கியரே இல்லையாமே?

பதில்: ஆமாம், பிட்டிலிருந்து கிளம்பும்போது உடைந்துவிட்டது. அட்லாண்டா போன்ற வேகத் தடத்தில் ஓடும்போது மேல் கியர் மட்டும் போதும் என்பதால் தடத்தில் பாதிப்பு இல்லை. சிக்கல், நின்ற வண்டியை நகர்த்துவதில். மேல் கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் அணைந்துவிடும். அரைகுறையாகப் பிடித்தால் கிளட்ச் கருகும். அதனால் ஒவ்வொரு முறையும் குழுவினர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். உடைந்த பற்கள் மற்ற கியர்களில் சிக்கியிருந்தால் கியர்பாக்ஸே போயிருக்கும். அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்குண்டு.

கேள்வி: பெரிய அணி எதுவும் அவரை அழைக்கவில்லையா?

பதில்: அழைத்தது. அணி உரிமையாளர் ஜூனியர் ஜான்சன் கூப்பிட்டும் மறுத்துவிட்டு, சொந்த அணியின் காரையே ஓட்டினார். விஸ்கான்சின்காரர், மெக்கானிக்கல் என்ஜினியரிங் பட்டதாரி. காரின் ஒவ்வொரு அமைப்பும் தன் கையில் இருக்க வேண்டும் என்பார். வேடிக்கை என்னவென்றால், 1992இல் எலியட் ஓட்டியது அதே ஜான்சனின் காரைத்தான்.

கேள்வி: ஜெயித்ததும் ஓட்டும் வெற்றிச் சுற்றை அவர் எதிர்த்திசையில் ஓட்டியது ஏன்?

பதில்: ஓவல் (நீள்வட்ட) தடத்தில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பும். ஓட்டுநர் இருக்கையும் இடப்பக்கம். அதனால் அவர் ஜன்னல் தடத்தின் உட்புறத்தைப் பார்க்கும். எதிர்த்திசையில் ஓட்டினால் ஜன்னல் ரசிகர்கள் பக்கம் வரும், கையசைக்கலாம். 1988இல் பீனிக்ஸில் முதல் வெற்றி பெற்றபோது தொடங்கினார்.

கேள்வி: பட்டம் வென்ற பிறகு?

பதில்: ஐந்து மாதம்கூட இல்லை. 1993 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தார், வயது 38. என்ஜின் காற்றுவாயில் பனி உறையாமல் தடுக்கும் அமைப்பை விமானி முறைப்படி பயன்படுத்தவில்லை என்பது விசாரணை முடிவு. மூன்று நாள் கழித்து அங்கே ஜெயித்த ரஸ்டி வாலஸ், அவர் நினைவாக எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார்.

கேள்வி: அந்தப் புள்ளி முறை இப்போதும் உண்டா?

பதில்: இல்லை. 1975இல் வந்தது; ஆண்டு முழுதும் சேர்த்த மொத்தப் புள்ளியை வைத்தே பட்டம் கொடுப்பது 2003உடன் முடிந்தது. 2004 முதல் கடைசிப் பத்துப் பந்தயங்களை வைத்துச் சாம்பியனைத் தீர்மானித்தார்கள். அதன்பிறகும் பலமுறை மாற்றிவிட்டார்கள்.