மூன்று நாளில் தரும் செக்யூரிட்டி சான்றிதழ் செல்லுமா?

கேள்வி: நான் முன்னாள் ராணுவ வீரன். என் மகனுக்கு (வயது 22) சென்னையில் செக்யூரிட்டி வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என் ராணுவச் சேவையைக் காட்டினால் மூன்றே நாளில் பயிற்சிச் சான்றிதழ் கிடைக்குமாம். 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், தன் காவலருக்குப் பயிற்சி கிடைக்கச் செய்யும் பொறுப்பை நிறுவனத்தின் தலையில்தான் வைத்திருக்கிறது. இடையில் நிற்கும் தரகருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி வகுப்பறையில் 100 மணி நேரமும் களத்தில் 60 மணி நேரமும், குறைந்தது 20 வேலை நாட்களில், பயிற்சி பெற வேண்டும். மூன்று நாட்கள் இமை மூடாமல் படித்தாலும் 72 மணி நேரம்தான்.

சலுகை என்று அவர் சொல்வதில் பாதி உண்மை, மீதி தூண்டில். முன்னாள் ராணுவத்தினருக்கும் காவல்துறையினருக்கும் சுருக்கப் பயிற்சி உண்டு. ஆனால் அது சேவை செய்தவருக்கு மட்டுமே. மகனுக்கோ மருமகனுக்கோ வாரிசு உரிமையாக வராது. நீங்களே வேலைக்குச் சேர்ந்தால், 65 வயது நிறையாதவரை, அது உங்களுக்குப் பொருந்தும். அப்போதும் வகுப்பில் 40, களத்தில் 16 என 56 மணி நேரம், குறைந்தது ஏழு வேலை நாட்கள் ஆகும். ஆகவே உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலைத் தரகரிடம் கொடுத்துவிடாதீர்கள். அது யார் பெயருக்குப் பயன்படும் என்று சொல்ல முடியாது.

தீயணைப்பும் முதலுதவியும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் தீயணைப்பு உருளையின் பக்கத்திலேயே பல மாதம் நாற்காலி போட்டு அமர்ந்தவரிடம் அதன் ஊசியை எப்படி இழுப்பது என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் சட்டை அளவு எடுத்தார்கள், மறுநாள் கேட்டில் நிறுத்தினார்கள் என்பார். கோப்பில் அவருக்கும் 160 மணி நேரம் பதிவாகியிருக்கும். சோதிக்க வரும் அதிகாரி கோப்பைப் புரட்டுகிறாரே தவிர, காவலரிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை.

நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நீங்களே நேரில் செல்லுங்கள். உரிமத்தைக் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; அதிலுள்ள பெயரும் பணி ஆணையிலுள்ள பெயரும் ஒன்றா, ஐந்தாண்டுக் காலம் முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் மகனை ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் உடற்தகுதியிலேயே நின்றுவிடும், அதைத் தரகர் பணம் வாங்கும்போது சொல்ல மாட்டார்.