பன்னிரண்டு கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பி.காம். கணினிப் பயன்பாடு முடித்திருக்கிறார். சென்னையில் தரமணிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "பன்னிரண்டு கணினிகள் தாமாகவே கணக்கு வேலை செய்யுமாம். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் பாப்பாவுக்கு வேலையாம். படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இப்போது படித்துவிட்டுக் கணினி மேய்க்கப் போகிறாளே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. இதை விட்டுவிட்டுத் தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லட்டுமா?"

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் போகட்டும். ஆனால் சேருவதற்கு முன் அந்த அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அவை என்ன என்று பிறகு சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு கணினிகள் என்ன செய்கின்றன என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பியவர்களிடமிருந்து தினமும் நூற்றுக்கணக்கில் பில் வரும். முன்பெல்லாம் ஒரு குமாஸ்தா மின்னஞ்சலைத் திறந்து, பில்லை இறக்கி, ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்த்து, தொகையைக் கணக்கு மென்பொருளில் ஏற்றுவார். இன்று அதே வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது. மனிதர் திறக்கும் அதே திரைகளைத் திறந்து, அதே கட்டங்களில் தட்டச்சு செய்து, அதே பொத்தானை அழுத்துகிறது. இதைத்தான் ஆர்பிஏ (ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்) என்கிறார்கள். அந்த மென்பொருளை 'பாட்' என்பார்கள். 2001இல் இங்கிலாந்தில் தொடங்கிய புளூ பிரிசம், 2005இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் தொடங்கிய யூஐபாத், மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் ஆகியவை இத்துறையில் அதிகம் அடிபடும் பெயர்கள்.

இந்த பாட் மனிதரைப் போலவே திரையைப் பார்த்து வேலை செய்வதால், அதற்கு ஒரு கணினி வேண்டும், உள்ளே நுழைய ஒரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டும். ஐம்பது விதமான வேலைகள் இருக்கும், கணினிகளோ பன்னிரண்டுதான். எந்த வேலை எப்போது எந்தக் கணினிக்குப் போக வேண்டும், எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது, ஒரு கணினி படுத்துவிட்டால் அதன் வேலையை யார் ஏற்பது? இவற்றையெல்லாம் ஒழுங்கு செய்வதுதான் உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் பொறுப்பு.

உங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், கடைமடைக்கு என்றைக்கு என்று எல்லாம் அவர் கையில். சொந்த வயல்காரர்கள் வரப்பில் நின்று சண்டை போடாமல் இருப்பதற்கே அவர் ஒருவரை ஊர் வைத்திருந்தது. அறுவடையில் அவருக்கு நெல்லும் அளந்தது. தண்ணீர் குறைந்த ஆண்டில்தான் அவருடைய அருமை தெரியும். உங்கள் மகளின் வேலை அந்த வகையைச் சேர்ந்தது. அதை மேய்ப்பது என்று நினைத்து மனம் வருந்த வேண்டாம்.

இதை நான் வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற ஒரு மாணவி இதே வேலையில் சேர்ந்தார். அவருடைய அலுவலகத்தில் ஆறு கணினிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: 'வங்கி', 'விற்பனை', 'சம்பளம்' என்று. வங்கி வேலை மூன்றாம் கணினிக்கு மட்டும்தான் போகும். மற்ற எதற்கும் போகாது. யாரோ எப்போதோ அப்படி அமைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு மாதம் 6ஆம் தேதி மாலை, ஏதோ ஒன்றைச் சரிபார்க்க ஒருவர் மூன்றாம் கணினிக்குள் நுழைந்தார். வேலை முடிந்ததும், எல்லா அலுவலகங்களிலும் சொல்லிக்கொடுப்பது போல, திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் வந்தது வினை. விண்டோஸ் 11 உள்ள கணினியில் ஒருவர் உள்ளே நுழைந்து வெளியேறாமல் இருந்தால், திரை பூட்டியிருந்தாலும், பவர் ஆட்டோமேட்டின் பாட் வழக்கமான அமைப்பில் ஆளில்லாமல் தானாக இயங்க முடியாது. பூட்டுவது வேறு, முழுவதுமாக வெளியேறுவது வேறு. மறுநாள் 7ஆம் தேதி, பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்டக் கடைசி நாள். காலையில் வந்து பார்த்தால் வங்கி வேலை முழுவதும் அப்படியே நிற்கிறது.

எல்லோரும் அன்று அந்த ஊழியரைத் திட்டினார்கள். இந்தப் பெண் மட்டும் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டார். மேலே இரவு மணிகள், பக்கவாட்டில் ஆறு கணினிகள். எந்தக் கணினி எந்த மணியில் வேலை செய்ததோ அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பினார். மூன்றாம் வரிசையில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அதைச் சுற்றி நான்கு வரிசைகள் இரவு 11 மணிக்குப் பிறகு வெள்ளையாக இருந்தன. அந்த நான்கு கணினிகளும் வேலையை முடித்துவிட்டுக் காலை 7 மணி வரை சும்மா இருந்திருக்கின்றன. மொத்தம் 32 மணி நேரம். பக்கத்தில் வேலை தேங்கி நிற்க, இவை சும்மா நின்றிருக்கின்றன. பிறகு என்னைப் பார்க்க வந்தபோது அந்தத் தாளை மடித்து எடுத்து வந்திருந்தார். பென்சில் கரி என் மேசையில் ஒட்டியது. பி.காம். படித்த ஒரு பெண், யாரும் கேட்காமலேயே வரைந்த படம் அது. அதைப் பார்த்துத்தான் அவருடைய மேலாளர் ஆறு கணினிகளையும் ஒரே தொகுப்பாக்கச் சம்மதித்தார்.

தொகுப்பு என்றால், வேலைகள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்; எந்தக் கணினி ஓய்வாகிறதோ அது அடுத்த வேலையை எடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் இதை 'மெஷின் குரூப்' என்கிறது. மற்ற நிறுவனங்கள் வேறு பெயர்களில் அழைக்கின்றன. இதில் உள்ள ஆதாயம் நம் ஊகத்தை மிஞ்சியது. ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு கணினிகள், ஒரு வேலைக்குச் சராசரியாக 10 நிமிடம், ஒவ்வொன்றும் நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலையில் இருக்கிறது. வேலைகள் முன்பின்னாக வருகின்றன. சில சீக்கிரம் முடியும், சில இழுக்கும். இரண்டுக்கும் தனித்தனி வரிசை என்றால் ஒரு வேலை சராசரியாக 40 நிமிடம் காத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே வரிசை என்றால் சுமார் 18 நிமிடம் போதும். புதிதாக ஒரு கணினிகூட வாங்கவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற கணிதவியலாளர், அழைப்புகளுக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று கணக்கிடத் தொடங்கி 1909இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த கணிதம் இது. உங்கள் மகள் பட்டப்படிப்பில் புள்ளியியல் படித்திருந்தால் இது அவருக்கு எட்டாத ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த மாணவியின் உண்மையான படிப்பு தொகுப்பு அமைத்த பிறகுதான் தொடங்கியது. இரண்டே வாரத்தில் சில பில்களின் தேதி மாறிப் பதிவாகத் தொடங்கியது. சில சரியாக இருக்கும், சில தவறாக இருக்கும். பாட் ஒன்றுதான், பில்லின் வடிவமும் ஒன்றுதான். இரண்டு நாள் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தவறான ஒவ்வொரு பதிவும் எந்தக் கணினியில் நடந்தது என்று அவர் எழுதிப் பார்த்தார். எல்லாம் ஐந்தாம் கணினி. அந்த ஒன்றில் மட்டும் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலில் வருமாறு இருந்தது. 03/04 என்பதை மற்ற ஐந்தும் ஏப்ரல் 3 என்று படிக்க, அது மார்ச் 4 என்று படித்திருக்கிறது. தனித்தனியாக இருந்தவரை அந்தக் கணினிக்குத் தேதி சம்பந்தப்பட்ட வேலையே போகவில்லை. அதனால் அந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. ஒரே தொகுப்பில் சேர்க்க வேண்டுமானால் கணினிகள் அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும்: தேதி அமைப்பு, எக்செல் பதிப்பு, திரையின் அளவு, கோப்புகள் இருக்கும் இடம், எல்லாமே.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் போட்டுவிடவும் முடியாது. வரித் தாக்கலுக்குக் கையெழுத்திட, மின்கையெழுத்து அடங்கிய யுஎஸ்பி டோக்கன் செருகியிருக்கும் கணினி ஒன்று இருக்கும். அந்த டோக்கன் ஒன்றுதான். அது செருகியிருக்கும் கணினியில்தான் அந்த வேலை நடக்கும். அதைத் தனியாகப் பிரித்து, மாதம் 11, 20 ஆகிய ஜிஎஸ்டி தேதிகளுக்கு முன் அதற்கு வேறு வேலை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொகுப்பில் எல்லாக் கணினிகளும் ஒரே பயனர் கணக்கில் இயங்கினால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கடவுச்சொல் காலாவதியாகும் நாளில் ஒன்று நிற்காது, எல்லாம் சேர்ந்து நிற்கும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கும் ஆள் ஓர் அலுவலகத்தில் கிடைப்பது அரிது. கணக்கியல் தெரிந்த, தேதிகளின் அவசரம் தெரிந்த உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு இதில் பொறியியல் படித்தவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கும் வாய்ப்பு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது அந்த மூன்று கேள்விகள். முதலாவது: "வேலைப் பட்டியலையும் முன்னுரிமையையும் மாற்றும் அனுமதி எனக்கு எப்போது கிடைக்கும்?" திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, சிவப்பு விளக்கு எரிந்தால் மேலிடத்துக்குத் தொலைபேசியில் சொல்வது மட்டும்தான் வேலை என்றால், அதை ஓராண்டுக்கு மேல் செய்யக் கூடாது. அந்தப் பகுதியைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் எடுத்துக்கொள்ளும் என்று நான் நினைக்கிறேன். இரண்டாவது: "ஒரு பாட் நின்றுபோனால் காரணத்தைத் தேடுவது எங்கள் குழுவா, வேறு குழுவா?" காரணம் தேடும் குழுவில் இருந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். மூன்றாவது, நீங்கள் கடிதத்தில் எழுதத் தயங்கி விட்டுவிட்டதாக நான் உணர்ந்த கேள்வி: இரவுப் பணி எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், முடிந்ததும் தங்குமிடம் வரை வாகனம் உண்டா? இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வேலைக்குப் போகும் முன் பயிற்சி முடிக்க வேண்டும், வேலை உத்தரவாதம் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பவர்கள் உங்கள் கைபேசிக்கு வருவார்கள். கொடுக்காதீர்கள். யூஐபாத் அகாடமியிலும் மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்திலும் அடிப்படைப் பாடங்கள் இலவசம். விண்டோஸ் 11 உள்ள கணினியில் பவர் ஆட்டோமேட்டின் மேசைக் கணினிப் பதிப்பு சேர்ந்தே வருகிறது. அதில் வீட்டிலேயே ஒரு சிறிய பாட் செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதுகளை ஓர் எக்செல் தாளில் ஏற்றும் பாட் போதும். அதைச் செய்து முடிப்பவருக்கு முதல் மூன்று மாதம் பயமில்லாமல் கழியும்.

ஓராண்டு கழித்து ஜென்கின்ஸ் என்ற இலவச மென்பொருளை உங்கள் மகள் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் ஹட்சன் என்று பெயர் இருந்தது. 2011இல் இந்தப் பெயர் வந்தது. மென்பொருள் எழுதும் நிறுவனங்கள் தங்கள் நிரல்களைச் சோதிப்பதற்குப் பல கணினிகளைத் தொகுத்து வைத்திருக்கும். அவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது இது. ஒவ்வொரு கணினிக்கும் 'லேபிள்' என்று ஓர் அடையாளம் கொடுத்து, இந்த வேலை இந்த அடையாளம் உள்ள கணினிக்கு மட்டும் என்று சொல்லலாம். யுஎஸ்பி டோக்கன் கணினியைப் பிரித்து வைக்க வேண்டும் என்றேனே, அதே யோசனைதான். வரிசை, முன்னுரிமை, அடையாளம், அனுமதி ஆகிய நான்கும் புரிந்தவர் கணக்கு அலுவலகத்திலிருந்து மென்பொருள் நிறுவனத்தில், நிரல்களைச் சோதித்து வெளியிடும் வேலையைத் தானாக நடக்கும்படி அமைக்கும் டெவ்ஆப்ஸ் குழுவுக்கு நகர முடியும். நான் சொன்ன மாணவி அந்தப் பாதையில்தான் போனார். அதற்கு அவருக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. லினக்ஸ் இயங்குதளத்தையும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியையும் இரவுகளில் உட்கார்ந்து படித்தார். எளிதாக நடந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

தேர்வாணையத் தேர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகளுக்கே அரசுப் பணியில் ஆசை இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆசை இருந்தால் வேலையில் இருந்துகொண்டே குரூப் 2 தேர்வுக்குப் படிக்கலாம்; சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பவருக்குத் தோல்வி பயம் குறைவு. ஆசை இல்லாமல் உங்கள் நிம்மதிக்காக மட்டும் மூன்று ஆண்டுகள் வீட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். அப்படி உட்கார்ந்து, வயதும் தன்னம்பிக்கையும் கரைந்து என்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பதிலை மகளுடன் உட்கார்ந்து படியுங்கள். அந்த மூன்று கேள்விகளை அவரே தன் கையால் மின்னஞ்சலாக எழுதி அனுப்பட்டும். அலுவலகம் அனுப்பும் பதிலை அப்படியே எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். சேர வேண்டிய தேதிக்கு முன்னால் படித்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்பதை உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.